மாதா படத்தடியில் மஞ்சள் கடிதம்

திங்கள், ஒக்டோபர் 4, 2004. எசன்

தூறல். வகுப்பு நடக்கும் பான் நகருக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கனடாவிலிருந்து வந்த மற்றச் சட்டத்தரணிகள் எல்லாரும் ஆற்றங்கரை ஹோட்டலில். எனக்கு அக்கா வீட்டுச் சோபா. அக்காவைப் பதினொரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன், ஹோட்டல் யாருக்கு வேண்டும்.

வகுப்பின் பெயர்: நிர்வாகச் சட்டத்தில் தொடர்கல்வி, ஐந்து நாள். உண்மைப் பெயர்: ஜேர்மனி பார்த்தல். காலையில் வரவுத்தாள் வந்தது. பக்கத்தில் வன்கூவர்க்காரர் ஒருவர், சிவந்த கழுத்து. தனக்கும் வராத இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு பேனை. வகுப்பு நியாயமான விசாரணையைப் பற்றி. சீ.

மாலை. புட்டு, மீன் குழம்பு. நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரிச் சாப்பிட்டேன். முன்னறையில் மடு மாதா படம், சின்ன மின்விளக்கு, பிளாஸ்டிக் ரோசா. படத்தடியில் உடைக்காத மஞ்சள் உறை ஒன்று.

"என்னக்கா அது?"

"அரசாங்கக் கந்தோர்க் கடிதம். நவநாள் முடியத்தான் உடைக்கிறது."

முதன்முதலில் அத்தானை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதத்தைப் பயத்தில் திறக்காமல் ஒன்பது நாள் மாதாவின் காலடியில் வைத்துச் செபித்தாளாம். நல்ல செய்தி வந்தது. அன்றுமுதல் எந்தக் கந்தோர்க் கடிதம் வந்தாலும் ஒன்பது நாள். அதுவும் மாதத்தின் முதல் சனிக்கிழமைதான் தொடங்குவாள். இந்தக் கடிதம் முதல் சனிக்காகக் காத்திருந்து, நேற்று முன்தினம்தான் செபம் தொடங்கியது. ஞாயிறு முடியும்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

செவ்வாய்

மழை இல்லை, குளிர். சப்பாத்து கடிக்கிறது.

இன்று பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற நிர்வாக நீதிமன்ற நீதிபதி, ஜேர்மன் அம்மா, கட்டை நரைமுடி. வந்ததிலிருந்து ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள். பையிலிருந்து வெறும் மஞ்சள் உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் இதன்மேல் எழுதுவார், வழக்குப் போடுவதற்கான தவணை அன்றே தொடங்கும், நீங்கள் திறந்தீர்களா வாசித்தீர்களா என்று சட்டம் கேட்காது என்றார்.

அக்காவின் உறையும் அதே மஞ்சள்.

வன்கூவர்க்காரர் கை உயர்த்தினார். வியாழன் படகில் பியர் உண்டா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தடியில் பார்த்தேன். உறைமேல் பேனையால் 23.9.

அக்காவிடம் சொன்னேன். கடிதத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நடுவிலை உடைச்சா மாதாவை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம். ஏலாது தம்பி."

"அக்கா, இது தவணை விஷயம்."

"உனக்குக் கனடாச் சட்டம்தானே தெரியும்."

அத்தான் பேக்கரி வேலை முடிந்து வந்து கால் நீட்டிப் படுத்திருந்தார். "விடும் தம்பி. பதினாலு வருஷமா அப்பிடித்தானே செய்யிறா. ஒண்டும் பிழையாப் போகேல்லை."

விட்டேன். எனக்கும் வசதிதான். ஜேர்மன் சட்டம் என் சட்டம் இல்லை. எத்தனை நாள் தவணை என்று நாளைக்கு அந்த அம்மாவிடம் கேட்டால் போயிற்று.

புதன்

கேட்க வேண்டியவை:
- அகதி விஷயத்தில் எத்தனை நாள்?
- வழக்கு ஆர் போடலாம்? வக்கீல் கட்டாயமா?
- அத்தானுக்கு முதுகு வலிக்கு மருந்து (இது கடையில்)

மதியச் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கு, ஏதோ இறைச்சி, உப்பே இல்லை. நீதிபதி அம்மா அதே மேசையில். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வன்கூவர்க்காரர் தன் கட்சிக்காரர்களைப் பற்றிக் கதை தொடங்கிவிட்டார். அகதிகள் பிளாஸ்டிக் பை நிறைய உடைக்காத கடிதங்களோடு வருவார்களாம். ஒருத்தி பையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தாளாம், காகிதம் தானாகச் சரியாகிவிடும் என்று. பேசும் விதத்தையும் நடித்துக் காட்டினார்.

மேசை முழுக்கச் சிரிப்பு. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக.

அதற்குப் பிறகு எந்த வாயால் கேட்பது? என் அக்கா மாதா படத்துக்குக் கீழ் வைத்திருக்கிறாள் என்றா?

ரயிலில் வரும்போது என் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அருவருப்பு.

வியாழன்

வெயில். எல்லாருக்கும் சந்தோஷம், படகு நாள்.

காலை அமர்வு: பாதிக்கப்படுபவருக்கு முன்னறிவித்தல் கொடுக்கும் கடமை. கேள்வி ஒன்றுக்கு நான் பதில் சொன்னேன். அறிவித்தல் கையில் கிடைத்தால் போதாது, அந்த மனிதருக்கு அது விளங்க வேண்டும் என்றேன். நீதிபதி அம்மா நல்ல பதில் என்றார். உடம்பெல்லாம் கூச்சம்.

பின்னேரம் படகு. போகாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். போனேன். கரையில் கோட்டைகள். பியர் இருந்தது. வன்கூவர்க்காரர் தோளில் கை போட்டு, நீ எங்கள் ஆள் என்றார். கையைத் தட்டிவிடவில்லை.

அக்காவுக்குத் தொலைபேசி, வரத் தாமதம் என்று. பின்னால் செபமாலைச் சத்தம். ஆறாம் நாள்.

வெள்ளி

சான்றிதழ். தடித்த தாள், தங்கக் கரை. முப்பது மணித்தியாலம் நிர்வாகச் சட்டம். இரண்டே நாள் வந்தவர்களுக்கும் அதே தாள்.

கோட் மாட்டும் இடத்தில் நீதிபதி அம்மா தனியாக நின்றார். கேட்டேன்.

அகதி வழக்கில் பெரும்பாலும் இரண்டு வாரம் என்றார்.

விரல் விட்டு எண்ணினேன், சின்னப் பிள்ளை மாதிரி. நேற்றோடு தவணை முடிந்தது. நான் படகில் நின்றபோது.

"யாருடைய கடிதம்?" என்று கேட்டார்.

"ஒரு கட்சிக்காரருடையது" என்றேன். அக்காவைக் கட்சிக்காரி ஆக்கினேன். துப்ப இடம் தேடினேன், கம்பளம் விரித்திருந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தோடேயே முன்னறைக்குப் போய் உறையைக் கிழித்தேன். அக்கா ஓடிவந்து என் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். "ரண்டு நாள்தானே கிடந்தது, ரண்டே ரண்டு நாள்!" பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அத்தான் எழுத்துக் கூட்டி வாசித்தார். அகதி அந்தஸ்து இரத்துச் செய்யப்படுகிறது. காரணம், எங்கள் நாட்டில் யுத்த நிறுத்தம். வழக்குப் போட இரண்டு வாரம்.

"சமாதானமாம்" என்றார். கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

அக்கா அடுப்பை அணைக்க மறந்து சோறு அடிப்பிடித்தது. மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

ஞாயிறு

விமானத்தைச் செவ்வாய்க்கு மாற்றினேன். நாளை காலை இங்கே ஒரு வக்கீலிடம் டெர்மின், சந்திக்க நேரம் கிடைத்திருக்கிறது.

அக்கா ஒன்பதாம் நாள் செபத்தைச் சொல்லி முடித்தாள். படத்தடியில் ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிடவில்லை.

நான் புதன்கிழமையே கேட்டிருந்தால் ஒரு நாள் இருந்தது. இதை அவளிடம் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

திங்கள், 11

குளிர், காற்று. அத்தான் கலியாணத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வக்கீல் இளம் ஆள், நல்லவர் போலத்தான். அக்காவின் ஜேர்மன் கடைக்குப் போதும், இதற்குக் காணாது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில். தவணை போய்விட்டது. ஒரு வழி உண்டு, எங்கள் குற்றமில்லாமல் தவறியது என்று மனுப் போடலாம். கடிதம் விளங்கவில்லை, விளக்கிச் சொல்ல ஆளும் இல்லை என்றால் கொஞ்சம் நம்பிக்கை. விளங்கிய ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்று தெரிந்தால் நீதிமன்றம் மனுவைத் தூக்கி எறியும்.

தமிழில் சொன்னேன், ஒரு சொல் விடாமல். கடைசி வசனத்தையும்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "சட்டம் தெரிஞ்ச ஒருத்தரும் வீட்டிலை இருக்கேல்லை எண்டு எழுதச் சொல்லு."

சொன்னேன். அவர் எழுதினார்.

எழுதி முடித்து என்னைப் பார்த்தார். ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டார். அதில் பெறூஃப் என்ற சொல் இருந்தது. எல்லாப் படிவத்திலும் வருகிற சொல், தொழில். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். நான் வாயைத் திறக்கமுன் அவள் சொன்னாள்.

"டாக்ஸி. கனடா, டாக்ஸி."

அத்தான் தன் சப்பாத்தைப் பார்த்தார். சான்றிதழ் என் பைக்குள், பை என் மடியில்.

வக்கீல் சிரித்து, ஆங்கிலத்துக்கு மாறி, கனடாவில் வண்டி ஓட்டுவது கஷ்டமா என்று கேட்டார்.

பனிக்காலத்தில் கொஞ்சம் கஷ்டம் என்றேன்.