இரண்டு அடி இடப்பக்கம்

அன்பு மகள் நட்சுகிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாஹாவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே சப்போரோவில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். அங்கே இப்போதே பனி விழுந்துவிட்டதாமே, இங்கே நான் இன்னும் அரைக்கைச் சட்டையோடுதான் இருக்கிறேன். போன மாதப் புயலில் பின்பக்கத்துப் பப்பாளி மரம் சாய்ந்துவிட்டது, கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பெட்டியில் கறுப்புச் சர்க்கரையும் காய்ந்த கடற்பாசியும் இருக்கின்றன, மாப்பிள்ளைக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதால் வைக்கவில்லை. போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன், போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மாவின் காதும் அங்கேயேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதி காரணம் நீதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முதுகுவலி, இரண்டு பேரும் கராத்தே வகுப்பில் சேருங்கள் என்று சொன்னது நீ. ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே கடையில் வெள்ளை பெல்ட் வாங்கினோம். முதல் கட்டா, அந்த அடிவரிசை, எனக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டது என்று உனக்குப் பெருமையாகச் சொன்னேனே, அப்போது உன் அம்மா வலது இடது தெரியாமல் திரும்பி என் மேலேயே மோதிக்கொண்டிருந்தாள். பச்சை பெல்ட் சேர்ந்து வாங்கினோம், பிரவுனும் சேர்ந்துதான். அதற்குப் பிறகு அவள் முன்னே போய்விட்டாள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவளுக்குக் கறுப்பு பெல்ட் வந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் மூன்று முறை தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தோற்றேன் என்பதை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், சொல்லாமல் இருப்பாளா.

கறுப்பு பெல்ட் தேர்வுக்கு எங்கள் மாஸ்டர் பார்ப்பது பஸ்ஸாய் என்ற கட்டா. தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுவார், அதில் நின்று ஆரம்பித்து, போய், திரும்பி, குத்தி, தடுத்து, கடைசியில் அதே குறியில் வந்து முடிக்க வேண்டும். நான் முடிக்கும்போது குறிக்கு இரண்டு அடி இடப்பக்கம் நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் இடப்பக்கம்தான். முப்பத்து நான்கு வருஷம் பஸ்ஸை நிறுத்தக் கோட்டில் ஒரு சாண் தவறாமல் நிறுத்தியவன் நான், என் காலை நிறுத்த முடியவில்லை. பஸ் ஓட்டினவருக்குப் பஸ்ஸாய் ஓடலையே என்று மீன்கடை தமாஷிரோ கேட்கிறான், கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்த உன் அம்மாவோ கண்ணைக் கட்டிவிட்டாலும் குறியில் வந்து நிற்கிறாள்.

உன்னிடம் மறைத்து என்ன, எனக்கு வயிறு எரிகிறது. மாஸ்டர் அவளைப் பார்த்து மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லும்போது எரிகிறது. அவள் துணி காயப்போடும் இடத்தில் பழகிப் பழகிப் புல் தேய்ந்து கிடக்கிறதே, அதைப் பார்த்தால்கூட எரிகிறது. வகுப்பில் கறுப்பு பெல்ட்காரர்கள் எல்லாம் இடப்பக்கம் ஜன்னலோரமாக நிற்பார்கள், உன் அம்மாவும் அங்கேதான், போன மாதம் நான் மறுபடியும் குறி தவறியபோது மாஸ்டர் என் அருகில் வந்து, என்னைவிட இருபது வயது சின்னவர், மெதுவாகத்தான் சொன்னார், "அண்ணே, கண்ணு எங்க போகுதோ கால் அங்கதான் போகும். நீங்க அக்காவைப் பாக்கறத விடுங்க." மெதுவாகச் சொன்னாலும் ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே பேட்டை விழா வந்தது. உள்விளையாட்டு அரங்கில் உன் அம்மா தனியாகப் பஸ்ஸாய் செய்ய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார், பிரவுன் பெல்ட்காரர்கள் கூட்டமாகச் செய்ய வேண்டும். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி நான் விலகிக்கொண்டேன், வலி ஒன்றும் இல்லை. அன்று காலை அவள் குளிக்கப் போனபோது அவளுடைய கறுப்பு பெல்ட்டை எடுத்து என் தூண்டில் பெட்டியில் வைத்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே, அறுபத்து ஆறு வயதில் இந்தப் புத்தி. அவள் வீடு முழுக்கத் தேடினாள், நானும் சேர்ந்து தேடினேன், சோபாவுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். முழங்கால் வலிக்காரன் குனிந்ததை அவள் கவனித்தாளோ என்னவோ. என்னைப் பார்த்து, "போகட்டும், உங்களோடத குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

அரங்கில் நான் இடப்பக்கம் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பிரவுன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உன் அம்மா நடுவில் வந்து நின்றாள், யாரிந்த பிரவுன் பெல்ட் என்று பின்னால் யாரோ கேட்டார்கள். ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. அப்படி ஒரு பஸ்ஸாயை நான் பார்த்ததில்லை, நன்றாக இருந்தது, அதுவும் எரிந்தது. ஆனால் முடித்தபோது அவள் குறியில் இல்லை. இரண்டு அடி இடப்பக்கம் நின்றாள். மாஸ்டர் திகைத்துப் போனார். வெளியே வந்து என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே, "என்ன பண்றது, இவரு பெல்ட்டு இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். தமாஷிரோ விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று வருஷமாக அவள் தவற வேண்டும் என்று காத்திருந்தவனுக்கு அன்று பாயசம் குடித்ததுபோல் இருந்திருக்க வேண்டும் அல்லவா, இனிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் பெல்ட்டை எடுத்து எங்கேயோ கிடந்ததுபோல் போட்டுவிடலாம் என்று தூண்டில் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு பெல்ட் இல்லை. அந்த இடத்தில் என் பிரவுன் பெல்ட் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வந்தால் அவளுடையது வழக்கமான ஆணியில் தொங்குகிறது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு நாளாகச் சோறு போடுகிறாள், மீன் போடுகிறாள், புயலைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் சாயங்காலம் பின்பக்கம் பழகப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. ஏழு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை நட்சுகி. டிசம்பரில் மறுபடி தேர்வு இருக்கிறது, அவள் கூப்பிடாமல் நான் எந்த முகத்தோடு போவேன்.

நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மாப்பிள்ளையைச் சீக்கிரம் தூங்கச் சொல். அவரை விட நீ எதிலாவது கெட்டிக்காரியாக இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு சேர்ந்திருக்க முன்னோர்களை வேண்டிக்கொள்கிறேன். சர்க்கரையை ஈரம் படாமல் வை. பெட்டியைக் கட்டுவது எப்போதும்போல் உன் அம்மாதான், கடிதத்தின் அடியில் அவளும் இரண்டு வரி எழுதுவாள் என்பது உனக்குத் தெரியும். உறையை நான் ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
யோனமினே மொரியாசு

நட்சுகி, அம்மா. படித்துவிட்டேன். பெல்ட் இருந்த இடம் எனக்கு அன்று காலையிலேயே தெரியும், தூண்டில் பெட்டி மூடியில் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. கண் போகும் இடத்துக்குக் கால் போகும் என்று மாஸ்டர் சொன்னபோது நானும் ஜன்னலோரம்தான் நின்றேன், நான் சிரிக்கவில்லை. அரங்கில் உன் அப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று மேலே அவரே எழுதியிருக்கிறார், இன்னொரு முறை படித்துப் பார். பெட்டியை நாளைக்குத்தான் அனுப்ப முடியும், இப்போது அவரைப் பின்பக்கம் கூப்பிடப் போகிறேன்.