பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க வேண்டாம்

அனுப்புநர்:
ரொஃபினா பெனி (வயது 16),
த/பெ. பெட்ருஸ் கோபோங்,
கடற்கரைக் குடியிருப்பு, வாய்லெபு கிராமம்,
அடோனாரா தீவு.

பெறுநர்:
கிராமத் தலைவர் அவர்கள்,
கிராம அலுவலகம், வாய்லெபு.

பொருள்: கிராம இணையப் பக்கத்தின் தொலைபேசிப் பட்டியலில் 23ஆம் வரிசையிலுள்ள என் பெயர், எண் குறித்து நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் ஊர் வியாபாரிகளின் எண்களைத் தாங்கள் இணையத்தில் ஏற்றிய பிறகு, என் அம்மா இடிக்கும் சோள அவலைக் கேட்டு அக்கரை நகரத்திலிருந்தும் அழைக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி.

2. அம்மாவின் பெயர் மார்த்தா. நம் ஊரில் பெரியவர்களிடம் அவர்கள் சொந்தப் பெயரைக் கேட்பது மரியாதையில்லை. அதனால் எழுத்தர் கேட்காமலே, "பெனியோட அம்மா" என்று எல்லோரும் சொல்வதை வைத்து, அவல் வியாபாரி பெனி என்று பதிந்துவிட்டார். வீட்டிலிருக்கும் ஒரே போனும் என்னுடையது.

3. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. சிலர், "அவல் கிடக்கட்டும், நீ எப்படி இருக்கே பெனி?" என்று கேட்டார்கள். அழுதுகொண்டே போன மாதம் புகார் கொடுத்தேன். இந்த மாத முடிவில் நீக்குவதாக எழுத்தர் சொன்னார்.

4. சென்ற ஞாயிறு ஒரு மலேசிய எண் மூன்று முறை அழைத்தது. மூன்று முறையும் துண்டித்தேன். நான்காம் முறை எடுத்தேன். "ஏம்மா, வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாத்தான் போனை எடுப்பியா?" என்றது அந்தக் குரல். ஐயா, அது என் அப்பா.

5. எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து இரண்டு ஆண்டுகளாகத் தகவல் இல்லை. போன் ஆற்றில் விழுந்து எல்லா எண்களும் போய்விட்டனவாம். கூட வேலை செய்பவரின் போனை வாங்கி, அதில் நம் ஊர்ப் பக்கத்தைத் தேடியிருக்கிறார். "பட்டியல்ல உன் பேரப் பாத்தேன். மார்த்தான்னு போட்டிருந்தா ஊர்ல இருக்கிற ஏழு மார்த்தாவுல எவளைன்னு தேடுறது?" என்று சிரித்தார். "அடுத்து யார் போன் கிடைச்சாலும் அதுல இந்தப் பட்டியலைப் பாத்துக் கூப்பிடுறேன்" என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்தது. மறுநாள் திருப்பி அழைத்தபோது, அப்பாவை வேறு தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார் அந்தப் போனுக்குச் சொந்தக்காரர்.

6. ஆகவே என் பெயரை நீக்கவோ திருத்தவோ வேண்டாம். தவறாகப் பதிந்ததற்காக எழுத்தரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அவருக்காக அம்மா ஒரு பொட்டலம் அவல் கொடுத்தனுப்பியிருக்கிறார். சூடான சோளத்தைக் கையால் அள்ளி இடித்தது.

7. 23ஆம் வரிசையில் இடமிருந்தால், என் பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்: "எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் பெனி எடுப்பாள்."

நாள்: 16.08.2023
இடம்: வாய்லெபு

என்றும் நன்றியுள்ள,
ரொஃபினா பெனி