சோபாவுக்கு இடமில்லை

வந்த களைப்போட படுத்திராம சாப்பிடுங்க. மீன் ஆணம் சட்டியில மூடியிருக்கு.

கட்டார்ல இருந்தே நீங்க ஓடர் பண்ணின சோபாவை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கொண்டு வருவாங்க. மாடிக்கு ஏத்த விடாதீங்க. "அளவு சரிதானே?" எண்டு போன்ல கோவிச்சீங்க. ஓம், சரிதான். இந்தச் சின்ன ஹோலுக்குள்ள அதுட அளவுக்கு வெண்கட்டியால கீறியிருக்கன், பாருங்க. மிச்ச இடத்தில ஒரு முஸல்லாதான் விரிச்சுத் தொழலாம். நீங்க கட்டாருக்குப் போன இந்த மூணு வருஷமா எனக்கு அது போதும்.

கலியாணம் முடிச்ச புதுசில நீங்க முன்னுக்கு நிண்டு தொழுவிச்சீங்க, நான் பின்னுக்கு நிண்டன். அதுக்கு ரெண்டு முஸல்லா நீளம் வேணும்.

டியூட்டி முடிஞ்சு ராவு இஷா தொழுகைக்கு வந்துருவன்.
ஹிதாயா

வெண்கட்டிக் கோட்டை அழிச்சிடுங்க. உங்கட முஸல்லா அலுமாரியில, கழுவி வச்சிருக்கன். இண்டைக்கு மட்டும் தொழப் பள்ளிக்குப் போகாம நில்லுங்க.