மூன்றாவது மாடியில் குறைந்த பசி

அன்புள்ள சுண்டெலிக்கு,

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட சொல் ‘லிஃப்ட்’. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய தும்மலும் சௌக்கியம். நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், போனில் கேட்டால் “ம்” என்கிறாய், அதை நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

என் வேலை என்னவென்று தோழிகள் கேட்டால் “அம்மா ஜோசியம் பாக்குறாங்க” என்கிறாயாமே. பெரிய தப்பில்லை. அடுத்த வருடம் எத்தனை குடும்பங்கள் அரசின் உணவு உதவி கேட்டு வரும் என்று இப்போதே கணித்து, பட்ஜெட்டில் அவ்வளவு ஒதுக்கச் சொல்ல வேண்டும், கணிப்பு குறைந்தால் வருடக் கடைசியில் வருகிறவர்களிடம் கையை விரிக்க வேண்டியதுதான். இந்த முறை நகரத்தின் வடக்குப் பகுதியில் விண்ணப்பங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. எங்கள் பிரிவில் எதையும் புள்ளிக்குப் பின் இரண்டு எண் வைத்துச் சொல்கிற ஒருவர் உண்டு, அவருக்குப் பெயரே தசமம். செவ்வாய்க்கிழமை அவர் வரைபடத்தைத் திரையில் போட்டார், கோடு சறுக்குமரம் போல இறங்கியது, எங்கள் துறை இயக்குநருக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, பசி குறைஞ்சிருக்கு, நம்ம திட்டம் வேலை செய்யுது!” என்று சொல்லி, ஒதுக்கீட்டையும் பாதியாக்கச் சொல்லி, கேக் வரவழைத்து வெட்டினார். பசி குறைந்ததற்குக் கேக்! க்ரீம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் முந்தின நாள், திங்கட்கிழமை, நான் அந்த வடக்கு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விண்ணப்பம் வாங்கும் கவுண்டரைப் போன வருடம் மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அப்போதிருந்தே லிஃப்ட் பழுது. இரண்டாவது மாடிப் படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேலே வரவில்லையா என்று கேட்டேன். “வயிறு மேல போன்னு சொல்லுது, முட்டி கீழ போன்னு சொல்லுது, ரெண்டும் சமாதானம் ஆகுற வரைக்கும் இங்கதான்மா குடித்தனம்” என்றார். கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். கேக் கத்தியும் கையுமாக நிற்கிறவரிடம் சொன்னால் “படியெல்லாம் ஒரு காரணமா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், பிறகு யார் சொன்னாலும் ஏறாது. நானும் எழுந்து நின்று பேசுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியாததா. அதனால் ஒன்று மட்டும் கேட்டேன், இறுதிக் கூட்டத்தை இந்தச் சாதனை நடந்த அலுவலகத்திலேயே வைத்தால் என்ன என்று. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், போட்டோக்காரரையும் வரச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை போனோம். முதல் மாடி வரைக்கும் திட்டத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே ஏறினார், அதற்கு மேல் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டாவது மாடியில், மறுபடி முயற்சி செய்ய வந்திருந்த அந்தப் பெரியவர் பக்கத்திலேயே இயக்குநர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, “புதுசா தம்பி? அவசரப்படாதீங்க. பாதிப் பேரு இப்படி உக்காந்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுவாங்க” என்று ஆறுதல் சொன்னார். தசமம் வரைபடத்தைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். மூச்சு திரும்பிய பிறகு இயக்குநர் என்னிடம், “அந்தப் பாதி இந்தப் பாதிதானாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன். போட்டோக்காரருக்கு மட்டும் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நீயும் விடுதியில் மாடி அறைதான் என்பதற்காகக் கீழே இறங்காமல் பிஸ்கட்டில் காலத்தை ஓட்டாதே, நீ வராததைப் பார்த்து உனக்குப் பசியே இல்லை என்று மெஸ்காரர் முடிவு கட்டிவிடுவார். அப்பா இன்னமும் மூன்று பேருக்குத்தான் காய்கறி வாங்கி வருகிறார், அந்தக் கணிப்பைத் திருத்த எனக்கும் மனம் வரவில்லை. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. எந்தக் குறையும் இல்லாமல், எடுத்த படிப்பை முடித்து, நிறைந்த வயிறும் நல்ல தூக்கமுமாக நீ நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் இன்னொரு செய்தி. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. கவுண்டரைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஒதுக்கீட்டைப் பழைய அளவுக்கே ஏற்றி எழுதினோம். முதல் நாளே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது, அதனால் மறுபடியும் ஏற்றி எழுதினோம்.