சொறியாத காஞ்சூண்டி

பாடன், சித்திரை

அன்புள்ள மகன் பிருந்தனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா வேணுகாவும் பிள்ளைகளும் சுகம், என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. மெல்பேர்னில் நீயும் மருமகள் சாருஜாவும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் சாருஜா பக்கத்தில் நின்று சிரிப்பாள், அதுதான் எழுதுகிறேன். அப்பா இருந்தபோது தோட்டச் சங்கத்திடம் ஆசையாக வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு கைவிட்டுப் போகப் பார்த்தது. வருசப்பிறப்புக்கு முதல் வேலியோரம் முழுக்க, தொட்டால் சொறிகிற காஞ்சூண்டி. குப்பை வளவில் வருசம் பிறக்க விடலாமோ? கையுறை போட்டு, மொட்டு வைக்கமுதலே வேரோடு பிடுங்கி, தும்புத்தடியால் கூட்டியும் விட்டேன். அடுத்த நாள் தோட்டச் சங்கத்து மனிசி வந்து தலையில் கை வைத்தாள். அது காஞ்சூண்டி இல்லையாம், ஜெர்மன் பாசையில் டவுப்னெசல் என்கிற வேறு செடியாம், இலை மட்டும்தான் அப்படி, தொட்டால் சொறியாதாம். குளிர் முடிந்து பசியோடு வருகிற பெரிய மயிர்த்தேனீக்களுக்கு அந்த வெள்ளைப் பூவில்தான் சாப்பாடாம். காட்டுப்பூவுக்கு ஒரு கரை விடவேண்டும், மாத முடிவுக்குள் திரும்ப நடாவிட்டால் தோட்டம் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

களையை எந்தக் கடையில் விற்கிறார்கள்? அது செழித்து நின்றது பக்கத்துத் தோட்டத்தில், ஜெயமலருடையதில். வேணுகாவின் கலியாணத்தில் என் பயித்தம் பணியாரத்தைக் கடித்துவிட்டு, பல்லுக்குக் காப்புறுதி இருக்கோ என்று சபையில் கேட்டவள். அன்று கட்டியிருந்த கத்தரிப்பூச் சேலைகூட எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அதனால் வேணுகாவை அனுப்பினேன். கொம்மாவுக்கு வாய் இல்லையோ, அவவை வந்து கேக்கச் சொல்லு என்று திருப்பி அனுப்பினாள். அப்பாவின் தோட்டமல்லவா, போனேன். வேரோடு கொஞ்சம் தா என்றேன். முகத்தைப் பாராமலே மண்வெட்டியால் கிளப்பிக்கொண்டு, ஞானக்கா, இதையெண்டாலும் பொரிச்சுப்போடாமல் நடுங்கோ என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினேன். என்னால் குனிய ஏலாது என்று கண்டு தானே வந்து நட்டும் தந்தாள்.

செடி பிடித்துவிட்டது. நேற்று ஒரு பெரிய தேனீ பூவுக்குள் தலையை விட்டு, பின்பக்கத்தை வெளியே ஆட்டிக்கொண்டிருந்தது. சங்கத்து மனிசியும் பார்த்துவிட்டுச் சரி என்றாள், தோட்டம் எங்களுக்குத்தான். பணியாரக் கதையை நான் மன்னிக்கவில்லை என்று ஜெயமலரிடம் நேரே சொன்னேன். ஓம், மன்னியாதையுங்கோ, தேத்தண்ணியை ஊத்துங்கோ என்றாள். ஊற்றிக் கொடுத்தேன், சீனி போடவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க. புல்லு வெட்டும் மெசினை ஓட்டமுதல் பூ ஏதும் நிற்கிறதோ என்று குனிந்து பார், உனக்கு முழங்கால் நல்லாகத்தானே இருக்கிறது.

உன்னைப் பெற்றவள்,
ஞானேஸ்வரி