வண்டியின் பின்னால் ஒரு சத்தம்

அன்பு அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நானே மனதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலம்தான். அந்த ‘தான்’ எதற்கு என்று உடனே கேட்பாய், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் இதைச் சொல்ல முடியாது, அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்திக்கொண்டிருப்பார். போன முறை பேசும்போது என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, தொண்டை கட்டியிருக்கிறது என்றேன், அது தொண்டை இல்லையம்மா, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

எல்லாம் நம் வண்டியில் ஆரம்பித்தது. அப்பாவுக்குத் தலையில் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி, இனிமேல் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாவியை அவர் எப்படி வாங்கினார் என்று நீதான் பார்த்தாயே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். அன்றிலிருந்து என்னை அச்சகத்தில் கொண்டுபோய் விடுவதும் சாயந்திரம் கூட்டிக்கொண்டு வருவதும் அவர் உத்தியோகம். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. மெதுவாகப் போனால் இல்லை, பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் ங்ங்ங் என்று, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி. ஏங்க, பின்னாடி என்னமோ சத்தம் வருது என்றேன். “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றார். கொஞ்ச தூரம் போய் மறுபடி சொன்னேன், ரேடியோவைக் கூட்டி வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா வண்டி விஷயத்தில் எப்படிப்பட்டவர், கதவு லேசாகக் கிறீச்சிட்டாலே எண்ணெய்க் குப்பியோடு இறங்குகிற ஆள், அவருக்குக் கேட்கவில்லை என்றால் என் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அச்சகத்தில் மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் புரூப் படித்துக்கொண்டிருக்கிற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும், ஓட்டுகிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் எழுந்துவிடுவேன். அப்படிப்பட்ட காது இதற்கு மட்டும் பொய் சொல்லுமா?

சரி என்று நானே இறங்கினேன். லீவு நாளில் டிக்கியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டேன். பழைய போர்வை, குடை, உன் தம்பி விட்டுவிட்டுப் போன கிரிக்கெட் மட்டை, காலித் தண்ணீர் பாட்டில்கள், இதையெல்லாம் சுமந்துகொண்டா இவ்வளவு நாள் ஊர் சுற்றினோம் என்று ஆகிவிட்டது. ஜாக்கி அதன் இடத்தில் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, குழியில் இறங்கும்போதெல்லாம் டொக் டொக் என்றது அதுதான், துணி சுற்றி இறுக்கி வைத்தேன், டொக் போய்விட்டது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். மறுநாள் பெரிய ரோட்டில் ஏறினோம், ங்ங்ங். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். தாடை இறுகியிருந்தது, கண் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, கை மட்டும் தானாகப் போய் ரேடியோவைக் கூட்டியது.

உன் தம்பியிடம் சொன்னால் அவன் சிரிக்கிறான். “அம்மா, பழைய வண்டின்னா பாடத்தான் செய்யும், நீ பேசாம கண்ண மூடிட்டு வா” என்கிறான். கண்ணை மூடினால் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது. வேலையில் கவனம் இல்லை, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறி இருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டேன், நல்லவேளை அச்சில் ஏறுவதற்குள் முதலாளி பார்த்துவிட்டார், இல்லையென்றால் மாமனாருக்கே கல்யாணம் ஆகியிருக்கும்.

கடைசியில் பக்கத்து வீட்டு க்ளட்ச் அக்காவிடம் போனேன். நீ போன பிறகு குடிவந்தவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், காலையில் வண்டி கிளம்பினால் தெருக்கோடி வரைக்கும் “க்ளட்ச்! க்ளட்ச்ச மிதிங்க!” என்று அவர் குரல்தான், அதனால் அந்தப் பெயர். நான் சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டார், அதுவே எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. “வேகமா போறப்ப நியூட்ரல்ல போடச் சொல்லுங்க, அப்பவும் கத்துச்சுன்னா இன்ஜின் இல்ல, சக்கரத்துப் பக்கம். அப்புறம் வண்டிய ரெண்டு பக்கமும் வளைச்சு ஓட்டச் சொல்லுங்க. எடை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்துச் சக்கரம் சத்தத்தக் கூட்டும். நீங்க முன்னாடி உக்காராதீங்க, பின்னாடி போய்க் காத வெச்சுக் கேளுங்க” என்றார். நான் கிளம்பும்போது, “சும்மா விட்டுடாதீங்கக்கா” என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. வயசான காலத்துல சர்க்கஸ் காட்டப் போறியா என்றார், பெட்ரோல் வீண் என்றார், முதுகு வலி என்றார். நான் அப்படியென்றால் இனிமேல் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்தார். குடோன்கள் இருக்கிற நீளமான ரோடு லீவு நாளில் காலியாகக் கிடக்கும் அல்லவா, அங்கே போனோம். பின்சீட்டை மடித்துவிட்டு டிக்கி வரைக்கும் போர்வை விரித்து நான் படுத்துக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பாய், முட்டி ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம். சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கிற இடத்தில் காதை ஒட்டினேன். வண்டி வேகம் பிடித்தது, வந்துவிட்டது சத்தம், காதுக்குள்ளே அரைக்கிற மாதிரி. நியூட்ரல் போடுங்க என்று கத்தினேன், போட்டார், சத்தம் அப்படியே இருந்தது. வளைங்க என்றேன். இடது பக்கம் வளைந்தால் குறைகிறது, வலது பக்கம் வளைந்து எடை இடது பக்கம் சாய்ந்தால் கூடுகிறது. எனக்கு ஒரே உற்சாகம், இப்ப கேக்குது, இப்ப கம்மி, இப்ப ஜாஸ்தி, இடது பின்சக்கரம்தாங்க என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி ஓரமாக நின்றுவிட்டது.

அப்பா இறங்கவில்லை, திரும்பவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். எனக்கு உயிர் போய்விட்டது, தலை சுற்றுகிறதோ, மறுபடியும் அதுவோ என்று எப்படி எழுந்து முன்னால் வந்தேன் என்றே தெரியவில்லை. என்னைப் பார்த்து, “உனக்கு நெஜமாவே கேக்குதா? நான் வளைக்கும்போது கூடுதா?” என்றார். ஆமாங்க, இவ்வளவு நாளா அதைத்தானே சொல்கிறேன் என்றேன். “நான் சொல்லாம இருக்கறப்பவே நீ கூடுது, கம்மியாகுதுன்னு சரியா சொல்ற. எனக்கும் அப்படியேதான் கேக்குது” என்றார். சொல்லிவிட்டு அம்மு, உன் அப்பா அழுதார்.

ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், காதில் இரைச்சல் வந்தால் உடனே வாங்க என்று. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான் இல்லையாம், எனக்கு முன்னாலேயே அவருக்குக் கேட்டிருக்கிறது. தலைக்குள்தான் கேட்கிறது, கட்டி திரும்ப வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நான் சத்தம் சத்தம் என்று சொன்னபோது, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டு தன் வாயிலிருந்தே வரவழைக்க நான் நாடகம் போடுகிறேன் என்று நினைத்தாராம். தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, ரேடியோவைக் கூட்டிக் கூட்டி, ஒரு மனுஷன் தனியாக இவ்வளவு பயத்தையும் தூக்கிக்கொண்டு என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி இடது பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார், கரகரவென்று மணலை அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆடியது. பேரிங் போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும் என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அப்பாவோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார். “நல்லா போயிருக்கா? நெஜமாவே போயிருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். கழற்றிய பழைய பேரிங்கை அப்பா கேட்டு வாங்கிக் காதோரம் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் உனக்குச் சிரிக்கச் சிரிக்கப் போனிலேயே சொல்லியிருப்பேன். புதுசு மாட்டி வரும்போது வண்டி பட்டு மாதிரி போனது, பெரிய ரோட்டிலும் ஒரு முனகல் இல்லை. ரேடியோவும் போடவில்லை. பாதி வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பிறகு, “வண்டிச் சத்தம் போயிடுச்சு. ஆனா எனக்கு இன்னும் லேசா கேக்குது. வண்டி நின்னப்பறமும் கேக்குது” என்றார். ஒளிக்காமல் சொன்னார் பார், அதற்காகவே அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்கு விடுங்க என்றேன், மறு பேச்சு பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ரிப்போர்ட் வரும்வரை நான் பட்ட பாட்டை எழுதினால் காகிதம் போதாது, அடுப்பில் வைத்ததை மறந்தேன், ஒரே சட்டையை மூன்று தடவை துவைத்தேன், உன்னைக் கூப்பிட போனை எடுத்து எடுத்து வைத்தேன். அப்பாதான், முடிவு தெரியாமல் அவளைக் கலவரப்படுத்தாதே என்றார். கட்டி எதுவும் இல்லை, அம்மு. பழைய இடம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் படத்தை விளக்கில் காட்டிச் சொன்னார். காதுதான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறதாம், அதனால் வருகிற இரைச்சலாம், முழுக்கப் போகாது, கருவி வைத்தால் மட்டுப்படும் என்றார். கருவி வந்துவிட்டது. அது காதில் போட்ட கடலை மாதிரி உறுத்துகிறது என்று நாள் முழுக்கப் புலம்புகிறார், ஆனால் கழற்றுவதில்லை.

நிம்மதியாக இரு என்று உனக்கு எழுதுகிறேன், நான்தான் இன்னும் அப்படி இல்லை. அவர் தலையைத் திருப்பினால் பார்க்கிறேன், தடுமாறினால் எழுகிறேன், பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்து பேசும்போது, எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்காதே, நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிடுவார். இன்னைக்குச் சத்தம் எப்படி இருக்குப்பா, கூடுதலா கம்மியா என்று கேள். அப்படிக் கேட்டால் சொல்கிறார். இன்றைக்குக் காலையில் நான் கேட்டேன், “கம்மிதான், குக்கர் ஆவி விடற அளவுக்கு” என்றார்.

நீயும் உன் வண்டியை மெக்கானிக்கிடம் ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல். மாப்பிள்ளையிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல். குழந்தையின் இரண்டு கன்னத்துக்கும் அம்மம்மா முத்தம். எந்தக் குறையும் அண்டாமல், மனசில் இருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன், முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். படித்துவிட்டார். அழுததை மட்டும் அடிக்கச் சொல்கிறார், நான் அடிக்கவில்லை.