தலைகீழாகத் தெரிந்த வீடு

திரியாய்
12.7.1967

மகனுக்கு,

சுகம் விசாரித்து எழுதத்தான் கடதாசி எடுத்தேன்.

நேற்று நிலஅளவைக்காரர் நம் வளவில் முக்காலி வைத்தார்கள். "பாருங்கோவன் ஆச்சி" என்று ஒரு பெடியன் கூப்பிட்டான். முக்காலிமேல் இருந்த அளவைக் குழாயில் கண்ணை வைத்தேன். நம் வீடு கூரை கீழாகத் தொங்கியது. குசினிப் புகை நிலத்தை நோக்கி இறங்கியது.

"இது பொய்யடா தம்பி" என்றேன்.

"இல்லை ஆச்சி. கண்ணாடி வில்லையில தலைகீழா விழுறதுக்குத்தான் மெய் விம்பம் எண்டு பேர். நிமிர்ந்து தெரியிற மற்றதுதான் மாய விம்பம்."

பள்ளிக்கூட நாளில் நீயும் இந்தச் சொற்களைத்தான் கத்திப் பாடமாக்கினாய். நான் மறக்கவில்லை. டவுனில், ஓர்ஸ் ஹில்லில் குடியேறி மூன்று வருடமாக நீ இந்தப் படலை திறக்காததையும் மறக்கவில்லை.

பிறகு அவன் நீ வேலை பார்க்கும் கந்தோரின் வரைபடத்தை விரித்தான். கிணறு இருந்தது, புளியமரம் இருந்தது. வீடு இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை.

"இதில குடியிருப்பு இல்லையெண்டுதான் போட்டிருக்கு ஆச்சி."

கீழ் மூலையில் வரைந்தவரின் பெயர் இருந்தது. இங்கிலீசு எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க ஏலும். ஆனால் அந்தப் பெயர் நான் வைத்தது.

திங்கட்கிழமை காணியைத் துப்புரவாக்க டோசர் வருமாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வராதே, நீ மட்டும் வா. நான் வீட்டுக்குள்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்